நம் மாடித்தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024 சித்திரை – 2025 பங்குனி)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தோட்ட அன்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

மதுரையில் நம் சங்கம் 2024 சித்திரை முதல் 2025 பங்குனி முடிய ஆற்றிய பணிகளை இந்த அறிக்கையில் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு ஒரு கோடையில் தொடங்கி இன்னொரு கோடையின் தொடக்கத்தில் முடிந்திருக்கிறது. முதலாவதில் நாம் நிறையச் செடிகளை இழந்தோம். இரண்டாவதில் வாடிப்போன செடிகள் மிகக் குறைவு. இடையில் நம்மிடம் என்ன மாறியது என்பதையே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு அழகர் வைகையில் இறங்கிய ஏப்ரல் 23ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் நம் உறுப்பினர் பலரின் வீடுகள் உறவினரால் நிறைந்திருந்தன. இரவில் மொட்டைமாடியில் பாய் விரிக்க இடம் வேண்டுமென்று தொட்டிகளையும் செடிப் பைகளையும் ஓர் ஓரமாக நெருக்கி அடுக்கினோம். விருந்தினரைக் கவனிப்பதில் நீர் ஊற்றும் வேளையும் தவறியது. நெருக்கமும் வறட்சியும் சேர்ந்ததால் கத்தரியிலும் வெண்டையிலும் இலைச் சாற்றை உறிஞ்சும் செம்பேன் பற்றி, இலைகள் வெளிறி, வைகாசி பிறப்பதற்குள் பல மாடிகள் வெறுமையாயின. தக்காளியோ பூத்துப் பூத்து உதிர்ந்தது. உரம் போதவில்லை என்று எண்ணிக் கடலைப் புண்ணாக்குக் கரைசலை மேலும் மேலும் ஊற்றினோம். இரவிலும் வெப்பம் தணியாத நாட்களில் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூ காயாகாமல் உதிர்ந்துவிடும் என்பதையும், அதற்கு எந்த உரமும் மருந்தாகாது என்பதையும் வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் வைகாசிக் கூட்டத்தில் விளக்கினார். ஐப்பசியில் நட்டுப் பங்குனிக்குள் பறித்து முடிப்பதே நம் ஊருக்கு ஏற்றது என்ற முடிவுக்கு அன்று வந்தோம்.

அதே கூட்டத்தில் செல்லூரைச் சேர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். அதுவரை நாம் ஞாயிறு காலை 10 மணிக்கு வாடகை மண்டபத்தில் கூடி, ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டுக் கலைந்துகொண்டிருந்தோம். செடி இருக்கும் இடத்தில் செடியைப் பற்றிப் பேசலாமே என்றும், மாதம் ஒரு வீட்டு மாடியில் மாலை வேளையில் கூடலாமே என்றும் அவர் கேட்டார். மண்டப வாடகை மிச்சமாகும் என்பதற்காகவே செயற்குழு முதலில் இதை ஏற்றது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆடி முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு மாலை 5 மணிக்கு மாடிகளில் கூடி வருகிறோம்.

ஆடிப்பட்டத்துக்காகச் செயற்குழு மொத்தமாக வாங்கிய தென்னை நார்க்கழிவுக் கட்டிகளால் உறுப்பினர்களுக்கு நேர்ந்த இழப்புக்கு இங்கே வருத்தம் தெரிவிக்கிறேன். அவை உப்பு நீக்கிக் கழுவப்படாதவை. அவற்றில் முளைத்த நாற்றுகள் இலை நுனி கருகி மடிந்தன. விற்றவரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் பணம் கொடுத்தது என் பொறுப்பு. இனி வாங்கும் கட்டிகளை மூன்று முறை நீரில் ஊறவைத்து வடித்து, சிறிது வெந்தயம் விதைத்து அது முளைத்து நிற்பதைப் பார்த்த பிறகே உறுப்பினர்களுக்கு வழங்குவது என்று தீர்மானித்திருக்கிறோம்.

அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் சில மாடிகளில் நீர் தேங்கியது. மழைநீர் இறங்கும் குழாய் வாயை உதிர்ந்த சருகுகள் அடைத்திருந்ததே காரணம். ஐப்பசி பிறக்கும் முன் குழாய் வாய்களைச் சுத்தம் செய்து வலை போட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டின் சிறந்த பணியாக நான் கருதுவது கார்த்திகையில் நடந்த மல்லிகைக் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுதல். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது நம் அனைவருக்கும் பெருமை. ஆனால் மதுரையில் இருந்துகொண்டே நம் மாடித் தொட்டி மல்லிகைகள் ஆளுயரம் வளர்ந்தும் கைப்பிடிப் பூக்கூடத் தராமல் இருந்தன. இராமேசுவரம் அருகேயுள்ள தங்கச்சிமடத்திலிருந்து மல்லிகைப் பதியன்களை வாங்கி வைத்த உறுப்பினர்களும் இதே குறையைச் சொன்னார்கள். நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும் என்பது மல்லிகை விவசாயிகள் பலரும் கைக்கொள்ளும் முறைதான். ஆனால் வீட்டில் பிள்ளைபோல் வளர்த்த செடியில் கத்தரியை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. திருநகரில் கூடிய அன்று அவ்வீட்டு அம்மா, தம் ஆறு தொட்டிகளையும் நம் கண்முன்னே முழங்கால் உயரத்துக்கு வெட்டி, காய்ந்த குச்சிகளையும் பழுத்த இலைகளையும் நீக்கி, தொழு உரமிட்டார். “மொட்டையாக்கிட்டீங்களே அம்மா” என்று ஒரு தம்பி வருந்தினார். “பங்குனியில வந்து பாருங்க தம்பி” என்பதற்குமேல் அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை.

மாசியில் எல்லீஸ் நகர் மாடியில் செம்பருத்தியை மாவுப்பூச்சி மூடியிருந்தது. கடுமையான மருந்து அடித்துவிடலாம் என்று சிலர் கூறியபோது, ஓய்வுபெற்ற அந்த வேளாண் அலுவலர் 2008இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியின் வரலாற்றைச் சொன்னார். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று அது தமிழகமெங்கும் பரவியபோது பூச்சிமருந்துகளால் அதைக் கட்டுப்படுத்த முடியவில்லை. 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒட்டுண்ணிக் குளவிகள்தாம் அதை அடக்கின. அத்தகைய சிற்றுயிர்கள் இன்றும் நம் செடிகளில் வேலை செய்துகொண்டிருக்கலாம், மருந்தடித்தால் முதலில் அவைதாம் சாகும் என்றார் அவர். அன்று அனைவருமாகத் தண்ணீரைப் பீய்ச்சியும் பழைய பல்துலக்கியால் தேய்த்தும் செடியைச் சுத்தம் செய்து, மிக மோசமான கிளைகளை வெட்டிப் பையில் கட்டி அகற்றினோம். அடுத்த கூட்டத்தில் அச்செடியில் புதுத் துளிர் கண்டோம்.

பங்குனிக் கூட்டத்துக்கு மீண்டும் திருநகர் சென்றோம். ஆறு தொட்டிகளிலும் கொத்துக் கொத்தாக மொட்டு. மறுநாள் விடியலில் பறிக்கவிருந்தவற்றை அந்த அம்மா நமக்காக முன்கூட்டியே பறித்து வைத்திருந்தார். வந்திருந்த பெண்கள் பேசிக்கொண்டே தொடுத்தார்கள். மார்கழியில் மல்லிகை விற்ற விலையை ஒருவர் நினைவூட்ட, அன்று வருத்தப்பட்ட தம்பி தம் வீட்டுச் செடியை வரும் கார்த்திகையில் வெட்டுவதாக அனைவர் முன்னிலையிலும் உறுதி கூறினார்.

பந்தலில் தைப்பட்டத்துச் சுரையும் பீர்க்கும் பூக்கத் தொடங்கியிருந்தன. சுரைப்பூ மாலையில் விரிவது. அந்நேரத்தில் நான்காவது மாடிக்குத் தேனீயோ வண்டோ வருவது அரிது. அதனால் மகரந்தம் சேராமல் பிஞ்சுகள் மஞ்சளித்து விழுவதை நோய் என்று நம்மில் பலர் இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தோம். “அடியில குட்டிக் காய் இருக்குதா, அதுதான் பெண் பூ” என்று அந்த அம்மா காட்டி, ஆண் பூவின் இதழைக் களைந்து மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே தடவிக் காட்டினார். பிறகு ஒவ்வொருவரும் ஒரு பூவைச் சேர்த்துப் பழகினோம். காலை 10 மணி மண்டபக் கூட்டத்தில் எத்தனை முறை படம் காட்டினாலும் இதைக் கற்பித்திருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். மோரும் பானகமும் தீர்ந்து, இருட்டிய பிறகும் யாரும் கீழே இறங்கவில்லை. கொத்தவரை விதையும் தம்பட்டை அவரை விதையும் கைமாறிக்கொண்டிருந்தன.

எனவே மாடிக் கூட்டங்களை வரும் ஆண்டும் தொடர்வதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். சென்ற சித்திரை இழப்பு மீண்டும் நேராதிருக்க இன்னொரு தீர்மானத்தையும் முன்வைக்கிறேன். இவ்வாண்டு அழகர் ஆற்றில் இறங்குவது மே 12. அதற்கு முன்னும் பின்னும் ஐந்து நாட்கள், அருகருகே வசிக்கும் உறுப்பினர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, விருந்தினர் வந்திருக்கும் வீட்டிலோ ஊருக்குச் சென்றவர் வீட்டிலோ காலை 7 மணிக்குள்ளும் மாலை 5 மணிக்குப் பின்னும் நீர் ஊற்றுவது. மாடியில் படுக்க இடம் வேண்டுவோர் பைகளை நெருக்கி அடுக்காமல், இடமுள்ள உறுப்பினர் மாடிக்கு முன்கூட்டியே அனுப்பிவைப்பது. பைகளின் மேல்மண்ணில் காய்ந்த இலையால் மூடாக்கு இட்டுவிட்டுச் செல்வது. முறை எழுதும் பதிவேடு வாசலருகே மேசையில் இருக்கிறது. மாடிச் சாவியை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதையும் அதில் எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொண்டு, இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்