கத்தியை எடுக்கும் முன் கொஞ்சம் இரத்தம் எடுங்கள்

கருத்தரிப்புச் சிகிச்சை மருத்துவர்களுக்கும், அந்த மையங்களை நடத்துபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

சென்ற மாதம் என் கணவரின் மரபணுப் பரிசோதனை அறிக்கை எங்கள் கைக்கு வந்தது. அவருடைய ஒய் குரோமோசோமில் ஏஇசட்எஃப்-ஏ என்ற பகுதி முழுவதுமாக இல்லை. இதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பகுதியை முழுதாக இழந்தவரின் விந்தகத்தில் விந்தணுவாக வளரக்கூடிய செல்களே இருப்பதில்லை. அங்கே அறுத்துத் தேடுவதில் பயனில்லை என்று நீங்கள் படித்த நூல்களே சொல்கின்றன. ஆனால் இந்த அறிக்கை வருவதற்குள் அவருக்கு இரண்டு முறை தேடி முடித்துவிட்டார்கள். முதல் முறை ஊசியால். இரண்டாம் முறை விந்தகத்தைத் திறந்து, நுண்ணோக்கி வைத்து.

மையத்தின் பெயரை நான் எழுதவில்லை. அதற்கு முன் நாங்கள் போன இரண்டு இடங்களிலும் இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே இது உங்கள் எல்லோருக்குமான மடல்.

நான் கேட்பது ஒன்றுதான். விந்தணுவே இல்லாத ஆணையும், மிக மிகக் குறைவாக உள்ள ஆணையும் அறுவை மேசைக்கு அழைக்கும் முன் குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும் குரோமோசோம் பரிசோதனையும், ஒய் குரோமோசோமில் சிறு துண்டு ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் ஒய் குறுநீக்கப் பரிசோதனையும் செய்யுங்கள். இரண்டுக்கும் கையிலிருந்து எடுக்கும் இரத்தம் போதும்.

இரண்டாம் அறுவை நடந்த நாளை மட்டும் சொல்கிறேன். அன்று விந்தணு கிடைத்தால் உடனே பயன்படுத்த வேண்டும் என்பதற்காக என்னையும் தயார் செய்திருந்தார்கள். பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி. காலையில் அடுத்தடுத்த அறைகளில் இருவருக்கும் மயக்க மருந்து. என்னிடமிருந்து பதினொரு முட்டைகள் எடுத்தார்கள். மாலையில் ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வந்து, முட்டைகள் நன்றாக இருக்கின்றன என்றார். பிறகு சற்று நின்று, அவரிடம் எதுவும் கிடைக்கவில்லை என்றார். உறைய வைப்பதா, அழித்துவிடுவதா என்று கேட்டு ஒரு படிவத்தை நீட்டினார். என் கணவருக்கு அப்போது முழுதாக நினைவு திரும்பவில்லை. அவர் கண் விழித்தவுடன் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அறையில் மருத்துவர் இல்லை.

அந்தப் பன்னிரண்டு நாளும் அந்த அறுவையும் வேண்டாதவை என்பதை ஒரு குழாய் இரத்தம் முன்பே சொல்லியிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் என் கை நடுங்குகிறது.

இது நேற்று வந்த அறிவும் அல்ல. ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு துண்டு இல்லாத ஆண்களுக்கு விந்தணு உருவாவதில்லை என்று இத்தாலிய ஆய்வாளர்கள் எழுதியது 1976இல். அந்த இடத்தை ஏ, பி, சி என மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காட்டியது 1996இல். ஏ முழுதாகப் போனால் விந்தணுவாக வளரும் செல்லே இல்லை. பி முழுதாகப் போனால் விந்தணு பாதி வழியில் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அங்கும் அறுவையால் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. சி மட்டும் போனால் நிலைமை வேறு. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறுவையில் விந்தணு கிடைக்கிறது. ஆனால் அதைக் கொண்டு மகன் பிறந்தால் அதே குறை அவனுக்கும் போகும். இதைத் தம்பதிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? சொல்லாமல் முட்டைக்குள் விந்தணுவைச் செலுத்துவது எப்படிச் சரியாகும்?

பரிசோதனை கதவை மூட மட்டுமே செய்கிறது என்றும் எண்ண வேண்டாம். ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவர் ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பெற்றுப் பிறக்கிறார். அவர்களில் பலருக்கு அது தெரியவருவதே உங்களைப் போன்றவர்களிடம் வரும்போதுதான். அவர்களுக்கு நுண்ணோக்கி அறுவையில் ஓரளவு நல்ல வாய்ப்பு இருக்கிறது. எக்ஸில் உள்ள டெக்ஸ் 11 என்ற மரபணு பழுதானாலும் விந்தணு பாதியில் நின்றுவிடும் என்று 2015இல் தெரிந்தது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது தாயிடமிருந்து வருவது. பழுதை ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. எங்கே தேடலாம், எங்கே தேடக் கூடாது என்பதைக் குரோமோசோம்கள்தான் சொல்கின்றன. அவற்றைக் கேட்காமலே கத்தியை எடுக்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான்கு ஆண்டுகளில் முதல் இரண்டரை ஆண்டு சோதிக்கப்பட்டவள் நான் மட்டும்தான். கருக்குழாயில் சாயம் ஏற்றினார்கள், வயிற்றில் துளையிட்டுப் பார்த்தார்கள், மாதந்தோறும் மாத்திரை கொடுத்தார்கள். விந்துப் பரிசோதனை என்ற எளிய வேலை மூன்றாம் ஆண்டில்தான் நடந்தது. அதில் ஒன்றுமில்லை என்று வந்ததும் ஓரிடத்தில் அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். வெளியிலிருந்து ஏற்றும் அந்த ஹார்மோன் இருக்கிற விந்தணு உற்பத்தியையும் அடக்கிவிடும் என்பதை நாங்களே படித்துத் தெரிந்துகொண்டோம். பெண்ணின் உடம்பைத் துருவிப் பார்க்க இருக்கும் அவசரம், ஆணின் காரணத்தைக் கண்டுபிடிப்பதில் ஏன் இல்லை?

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன்.

அறிக்கை வந்த இரவு என் கணவர் கேட்டார்: "என் அப்பாவுக்கு நான் பிறந்தேனே, எனக்கு மட்டும் எப்படி? நான் ஏதாவது தவறு செய்தேனா?" இதற்கும் விடை இருக்கிறது. அவர் இழந்த அந்த ஏ பகுதியின் இரு முனைகளிலும் பழங்கால வைரஸ் ஒன்றின் எச்சங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. தந்தையின் விந்தணு உருவாகும்போது அவை இரண்டும் தவறி இணைந்தால் இடையிலுள்ள சுமார் 8 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் கழன்றுவிடும். அவர் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்த விபத்து அது. அதில் யார் குற்றமும் இல்லை. இதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒரு மருத்துவருக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறேன். முதலில் இரத்தம், பிறகுதான் கத்தி. முடிவு எதுவானாலும் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து, அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்குங்கள். அறுவைக்கு எங்களிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: "குரோமோசோம் பரிசோதனை, ஒய் குறுநீக்கப் பரிசோதனை ஆகியவற்றின் முடிவுகளைப் பார்த்தேன்; இருவருக்கும் விளக்கினேன்." அந்த வரியின் கீழே எங்கள் கையெழுத்தோடு மருத்துவரின் கையெழுத்தும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் காத்திருப்பு அறைகளில் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்திருந்த ஒரு பெண்