மெகாபோனைப் பிடித்தவர்களும் கலைஞர்களே

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலையும் தொழில்நுட்பமும் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், மெக்சிகோவில் பிறந்து கனடாவில் வாழும் ரஃபேல் லொசானோ ஹெம்மர் என்ற கலைஞரை அறிமுகப்படுத்தியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையாளர் கருவிகளிலேயே மயங்கி நின்றுவிட்டார். அவருடைய ‘பல்ஸ் ரூம்’ (2006) என்ற படைப்பு பற்றிய பகுதியில் சென்சார், கணினி, மின்விளக்கு எல்லாம் வந்தன. கைப்பிடியைப் பிடித்துத் தன் இதயத் துடிப்பை விளக்குக்குக் கொடுக்கும் மனிதர் வரவில்லை. அடுத்தவர் வந்து பிடித்தால்தான் முந்தையவரின் துடிப்பு ஒரு விளக்கு தள்ளிப் போகும் என்பதே அதன் உயிர்.

கட்டுரையில் இடம்பெறாத ‘வோஸ் ஆல்தா’ (உரத்த குரல்) என்ற அவரது படைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1968 அக்டோபர் 2 அன்று மெக்சிகோ நகரின் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் திரண்டிருந்த மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பத்து நாளில் ஒலிம்பிக் போட்டி. அரசு உண்மையை மூடி மறைத்தது. 40 ஆண்டுகள் கழித்து, 2008இல், அதே சதுக்கத்தில் லொசானோ ஹெம்மர் ஒரு மெகாபோனை, அதாவது குரலைப் பெருக்கும் கருவியை, வைத்தார். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். குரல் உயர உயர 10 கிலோவாட் தேடுவிளக்கின் ஒளி கூடும். பேச்சு நின்றால் விளக்கு அணையும். அந்த ஒளி பக்கத்திலிருந்த பழைய வெளியுறவு அமைச்சகக் கட்டடத்தின் உச்சியைத் தொட, அங்கிருந்து மேலும் மூன்று ஒளிக்கற்றைகள் நகரத்தின் மீது பாய்ந்தன. தொலைவிலிருந்து அதைப் பார்த்தவர்கள் பல்கலைக்கழக வானொலியை 96.1இல் வைத்தால், ஒளி பேசுவதைக் காதாலேயே கேட்கலாம்.

பேசுபவர்களைத் தணிக்கை செய்ய ஆள் போடவில்லை. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. அன்று உயிர் தப்பியவர்கள் பேசினார்கள். கவிதை படித்தார்கள். போராட்டத்துக்கு அழைத்தவர்களும், காதலரிடம் திருமணத்துக்குச் சம்மதம் கேட்டவர்களும்கூட உண்டு. அரசு நடத்தும் அஞ்சலிக் கூட்டங்களில் யார் என்ன பேச வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். இவரோ மெகாபோனை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

கொரோனாவில் இறந்தவர்களுக்காக 2020இல் அவர் தொடங்கிய படைப்பும் இதே வழியில் வந்ததுதான். குடும்பத்தார் அனுப்பும் புகைப்படத்தை ஓர் இயந்திரம் கரிய பரப்பின் மேல் மணலைத் தூவித் தூவி வரையும். முகம் முழுமையானதும் மணல் சரிந்து கலையும். அதே மணல்தான் அடுத்தவரின் முகமாகும். கடைசியாக முகம் பார்க்கவும் முடியாமல் போன வீடுகள் நம் ஊரிலும் ஏராளம். எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. என் சித்தியை உறையில் சுற்றித்தான் கொண்டுபோனார்கள். அதனால் அந்த இயந்திரத்தின் துல்லியத்தைவிட, எந்தப் புகைப்படத்தைத் தேடி எடுத்து அனுப்பினார்கள், கூடவே என்ன எழுதினார்கள் என்றறியவே மனம் தவிக்கிறது.

இத்தகைய படைப்புகளைப் பற்றி இனி எழுதும்போது, கலைஞரோடு சேர்த்துப் பங்கேற்றவர்கள் இரண்டு மூன்று பேரின் சொற்களையும் தேடிப் பிடித்து வெளியிடுங்கள். கருவியின் விவரம் பெட்டிச் செய்தியாக வந்தால் போதும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்