மேனேஜரை வைத்துவிட்டீர்கள், அதிகாரத்தை எப்போது கொடுப்பீர்கள்?

வளர்ந்துவரும் சிறுதொழில்களின் முதலாளிகளுக்கு,

வணக்கம். நான் உங்களைப் போன்றவர்களிடம் மேனேஜராக வேலை பார்ப்பவன். இனி ஒரு ஆள் இல்லாமல் முடியாது என்ற முடிவுக்கு நீங்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறீர்கள். அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் இருவர் இருவராகச் சேர்த்துப் பார்த்தால் 10 ஜோடி. பதினைந்து பேரானால் 105. ஆள் மூன்று மடங்குதான் கூடியிருக்கிறது, பேசித் தீர்க்க வேண்டியது பத்து மடங்கைத் தாண்டிவிடுகிறது. தூக்கம் கெடாமல் என்ன செய்யும்?

என் மனக்குறை அதன்பிறகு நடப்பதைப் பற்றி. புது மேனேஜர் வந்து சேர்கிறார். மறுநாளே பழைய ஊழியர் ஒருவர் அவரைத் தாண்டி உங்களிடம் வந்து லீவு கேட்கிறார். "சரி, போயிட்டு வா" என்கிறீர்கள். பல வருடப் பழக்கம், பாசத்தில் சொன்னதுதான். ஆனால் மேனேஜரிடம் கேட்பது வீண் என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்து சப்ளையரும் நேரே உங்களுக்கே போன் போடுவார். "மேனேஜரிடம் கேட்டாயா?" என்று திருப்பி அனுப்பும் வேலையை உங்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. மேனேஜர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முடியாது.

அவர் சேரும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எவ்வளவு தொகை வரை உங்களைக் கேட்காமல் செலவு செய்யலாம், வாடிக்கையாளருக்கு எவ்வளவு தள்ளுபடி தரலாம், லீவும் அட்வான்ஸும் யார் கையெழுத்தில், ஆளை எடுப்பதும் அனுப்புவதும் யார் பொறுப்பு. தொகை சிறியதாக இருந்தால் பரவாயில்லை, போகப்போகக் கூட்டலாம். எதையும் எழுதாமல் "உங்க சொந்த கம்பெனி மாதிரி நினைச்சுக்கோங்க" என்பீர்களே, அதைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். சொந்தக் கம்பெனி என்றால் செக்கிலும் நான்தானே கையெழுத்துப் போட வேண்டும்!

உள்ளிருந்தே ஒருவரை உயர்த்துவதாக இருந்தால் இன்னொரு கண்ணி உண்டு. அதிகம் விற்பவரையே விற்பனை மேனேஜராக்கத் தோன்றும். ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ ஆகியோர் அமெரிக்க நிறுவனங்களின் விற்பனை ஊழியர்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது: நன்றாக விற்றவர்களுக்கே பதவி உயர்வு எளிதில் கிடைத்தது, மேனேஜரான பிறகு அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனைதான் அடிவாங்கியது. நல்ல விற்பனையாளருக்குக் கமிஷனைக் கூட்டிக் கொடுங்கள், சந்தோஷப்படுவார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பொறுமை யாரிடம் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

வெளியிலிருந்து ஆள் எடுத்தால், அந்த இடத்தை எதிர்பார்த்திருந்தவரிடம் செய்தியை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வாட்ஸாப் குழுவில் பார்த்துத் தெரிந்துகொண்டவர் புதியவருக்கு ஒத்துழைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. எழுதிக் கொடுத்த எல்லைக்குள் அவர் ஒரு தப்பான முடிவு எடுப்பார், நிச்சயம் எடுப்பார். எல்லோர் முன்னாலும் அதை மாற்றாதீர்கள். உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, எவ்வளவு காட்டமாகவும் பேசுங்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால் அவரே வெளியே போய் மாற்றிச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு மேனேஜர்