ஒதெல்லோ கட்டுரைக்கு முன்

அன்பு மகள் யாழினிக்கு,

ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம் பற்றிய கட்டுரையில் வரலாற்றுப் பின்னணியை எங்கே சேர்ப்பது என்று கேட்டிருந்தாய். எலிசபெத் ராணியில் ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதிவிடாதே. 1604 நவம்பர் 1 அன்று இந்த நாடகம் வைட்ஹால் அரண்மனையில் நடந்தபோது அரியணையில் இருந்தவர் முதலாம் ஜேம்ஸ்.

முதலில், உன் கையிலிருக்கும் பதிப்பின் பாடக்குறிப்பை, அதாவது எந்த மூல அச்சைப் பின்பற்றியது என்ற குறிப்பைப் படி. மூல அச்சு இரண்டு: 1622இல் இந்த நாடகம் மட்டும் சிறிய அளவில் வந்த குவார்ட்டோ ஒன்று, ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தொகுத்துப் பெரிய அளவில் வந்த 1623இன் ஃபோலியோ இன்னொன்று. ஃபோலியோவில் சுமார் 160 வரிகள் கூடுதல். ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனா பாடும் வில்லோ பாட்டு அதில்தான் இருக்கிறது. பாடிய சிறுவனுக்குக் குரல் உடைந்ததால்தான் குவார்ட்டோவில் பாட்டு இல்லை என்பார்கள். அது வெறும் ஊகம், ஆதாரமாக எழுதாதே.

அடுத்து முதல் காட்சியை இரண்டிலும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார். ஃபோல்ஜர் நூலகத் தளத்தில் மூலப் பக்கங்களின் படங்கள் இலவசம். குவார்ட்டோவில் நாடகத்தின் வில்லன் இயாகோ வாயைத் திறந்ததுமே கடவுளின் ரத்தத்தின் மீது ஆணையிடுகிறான். ஃபோலியோவில் அந்த ஆணை இல்லை. இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்டவை காணாமல் போயிருக்கின்றன. இயாகோவை அலசும்போது இதைத் தவறவிட்டால் பாதி இயாகோ போய்விடுவான்.

காரணமாக 1606ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்வார்கள். மேடையில் கடவுள் பெயரைக் கேலியாகவோ அவமரியாதையாகவோ சொன்னால் ஒவ்வொரு முறையும் 10 பவுண்டு அபராதம். அதில் பாதி அரசருக்கு, பாதி வழக்குப் போட்டவருக்கு. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு நல்ல வருமானம்! பலரும் சறுக்குவது இங்கேதான்: சட்டம் மேடைக்குத்தான், அச்சுக்கு இல்லை. அதனால்தான் 1622இலும் ஆணைகளோடு அச்சிட முடிந்தது. ஃபோலியோவில் அவற்றை நீக்கியது சட்டமா, பிரதியெடுத்தவரின் கைவரிசையா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. நீ இரண்டையும் சொல்லி, காட்சியிலிருந்து சான்று கொடு.

தேதிகளில் கவனம். அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25இல். 1752இல்தான் ஜனவரி 1 ஆனது. நாம் 1603 மார்ச் 24 என்று எழுதும் எலிசபெத்தின் இறப்பு, அக்கால ஆவணத்தில் 1602 என்றிருக்கும். ஆவணத் தேதியை அப்படியே எடுத்துப் போட்டால் ஒரு வருடம் பிசகும்.

முதல் காட்சியின் ஒப்பீட்டை மட்டும் இப்போது அனுப்பு. முன்னுரை கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா