கல்லறைக் கேட்டில் உபதேசம் பேசாதீர்கள்

ஈரோடு, கோவை, திருப்பூர் வட்டாரத்துச் சபைகளின் போதகர்களுக்கும், பாஸ்டர்மாருக்கும், கமிட்டிப் பெரியவர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

ஞானஸ்நானம் தண்ணீரில் முழுக்கா தலையில் தெளிப்பா, ஆவியில் அந்நியபாஷை பேசுவது உண்டா இல்லையா என்று உங்களுக்குள் நடக்கிற வழக்கை நான் விளக்க வேண்டியதில்லை. அதைத் தீர்த்துவைக்கச் சொல்லியும் இந்த மடல் இல்லை. கேட்பது ஒன்றுதான்: சாவு வீட்டில் அதைப் பேசாதீர்கள். செத்தவர் எந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்திருந்தாலும், அவர் குடும்பத்தார் அடக்கமாகியிருக்கிற கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுங்கள்.

எங்கள் பெரியம்மா போன சித்திரையில் தவறிப்போனார். கல்யாணமாகி வந்த நாள் முதல் போன சபை ஒன்று. பெரியப்பா போன பிறகு, மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது என்று போன, முழுக்கு கொடுக்கிற அசெம்பிளி இன்னொன்று. கீழ்பவானி வாய்க்காலில் முழுக்கு எடுத்தார். உடனே பழைய சபைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டார்கள். அசெம்பிளிக்கோ வாடகை ஹாலும் ஸ்பீக்கர் செட்டும் உண்டு, கல்லறைத் தோட்டம் கிடையாது.

உடம்பு ஃப்ரீசர் பெட்டியில் இருக்க, திண்ணையில் பேச்சுவார்த்தை நடந்தது. "பதிவேட்டுல பேரே இல்லீங்களே, நாங்க என்ன பண்றதுங்க?" என்றார் கமிட்டிக்காரர். பாஸ்டரோ, புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிற ஜெபத்துக்குத் தம் விசுவாசியை ஒப்புக்கொடுக்க முடியாது என்றார். நடுவில் கரண்ட் போய், ஜெனரேட்டருக்கு ஆள் ஓடியது. பொழுது சாயும் நேரம் பந்தல்காரர் தயங்கித் தயங்கி வந்து, "சேர் நாளைக்கும் வேணுங்களா?" என்றார். அவருக்கு யார் பதில் சொல்வது?

கடைசியில் வழி பிறந்தது. பெரியம்மா பேரில் நின்றுபோன வருசங்களின் சந்தா பாக்கியை மொத்தமாகக் கட்டினால் யோசிக்கலாமாம். கட்டினோம். ரசீது கைக்கு வந்ததும், அதுவரை மலைபோல் நின்ற உபதேசச் சிக்கல் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் பெரியப்பா பக்கத்தில் இடமில்லை, மதில் ஓரம்தான். பாஸ்டர் உள்ளே வரக் கூடாது என்பதால் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்று ஜெபம் பண்ணினார். லாரிச் சத்தத்தில் அது மகள்கள் காதில் விழவில்லை.

இந்த மண்ணில் சபை நட்டவர்கள் இப்படி நினைக்கவில்லை, ஐயா. 1830-இல் கோவைக்கு வந்த லண்டன் மிஷன், 1796-லேயே ஒரு கொள்கை வகுத்திருந்தது: எந்த ஒரு சபை முறையையும் கொண்டுபோய்த் திணிப்பதில்லை, சுவிசேஷத்தை மட்டும் கொண்டுபோவது, முறையை விசுவாசிகளே முடிவுசெய்துகொள்ளட்டும். சபைகளை ஒன்றாக்க 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையாக (சி.எஸ்.ஐ.) முடிந்தது. பேராயரே வேண்டாம் என்று இருந்தவர்களும் பேராயர் இல்லாமல் சபையே இல்லை என்றவர்களும் அதில் சேர்ந்தார்கள். முழுக்கு என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு இதையும் சொல்கிறேன்: 1662-ஆம் வருட ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம், பிள்ளை தாங்குமென்றால் தண்ணீரில் முக்கு, இல்லையென்றால் ஊற்று என்றுதான் போட்டிருக்கிறது. பாஸ்டர்மாருக்கோ அப்போஸ்தலர் பவுலே போதும். கொரிந்துக்காரர் ஆளுக்கொரு கட்சி கட்டியபோது, தாம் அங்கே கிறிஸ்பு, காயு போல ஒருசிலரைத் தவிர வேறு யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்காமல் போனதற்கு ஸ்தோத்திரம் சொன்னவர் அவர்.

டிசம்பர் ஐக்கிய கிறிஸ்துமஸ் விழாவில் கத்தோலிக்கச் சாமியாரும் சி.எஸ்.ஐ. ஐயரும் அசெம்பிளி பாஸ்டரும் கைகோத்து நின்று கேக் வெட்டுகிறீர்கள். எம்.எல்.ஏ. மேடையேறினால் ஒற்றுமை தானாக வந்துவிடுகிறது. ஜனவரி பிறந்ததும் யூடியூபில் ஒருவருக்கொருவர் கள்ளப் போதகர். இனி சாவுக்கும் எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் போல.

மன்னியுங்கள், பேச்சு எங்கேயோ போய்விட்டது. கேட்க வந்ததைக் கேட்கிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தயவுசெய்து தீர்மானம் போடுங்கள். கணவனோ மனைவியோ பிள்ளையோ அடக்கமாகியிருக்கிற தோட்டத்தில், பதிவேட்டைப் புரட்டாமல் இடம் கொடுங்கள். எந்தச் சபைப் போதகராக இருந்தாலும் உள்ளே வந்து ஜெபம் பண்ண விடுங்கள். பாஸ்டர்மாரே, மற்றவர் புத்தகத்தைப் பார்த்து வாசித்து முடிக்கும்வரை நீங்களும் பக்கத்திலேயே நில்லுங்கள். சந்தா பாக்கி இருந்தால், துக்கம் ஆறிய பிறகு வீட்டுக்கு வந்து கேளுங்கள், கட்டிவிடுகிறோம்.

கிறிஸ்துவுக்குள்,
பெருந்துறைப் பக்கத்து விசுவாசி ஒருவன்