பேருந்து போன பிறகு: கோடை முகாம் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமான முகாம் குழுவினருக்கும், இந்த ஊழியத்தை ஜெபத்தாலும் பணத்தாலும் தாங்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

நான்கு கோடைகளாக உங்கள் முகாமில் தன்னார்வலராக இருந்தவன் எழுதுகிறேன். இந்த வருடமும் வர எனக்கு ஆசைதான். ஆனால் படிவத்தைக் கொடுப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏழு நாள் முகாமை நாம் நன்றாகவே நடத்துகிறோம். பிள்ளைகள் வீடு போன பிறகு வரும் எட்டாம் நாளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

மாநகரின் நெரிசலான குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் ராத்திரி ஏரியும் மரங்களும் அழகாகத் தெரிவதில்லை. இருட்டு பயமாக இருக்கிறது. வண்டிச் சத்தத்திலும் பக்கத்து வீட்டுச் சண்டையிலும் தூங்கிப் பழகியவர்களை அந்த அமைதியே தூங்கவிடாது. விளக்கை அணைத்ததும் ஒருவன் விசும்புவான், கொஞ்ச நேரத்தில் அறை முழுவதும் அது தொற்றிக்கொள்ளும். விடிவதற்கு முன் எழுந்து, மற்றவர்கள் கண்ணில் படாமல் நனைந்த படுக்கை விரிப்பை மாற்றுவதும் ஊழியம்தான். நம் அறிக்கைகளில் அதற்கு இடமில்லை, போகட்டும்.

முதல் வருடம் ஒரு சிறுவன் சாப்பாட்டு மேசையிலிருந்து ரொட்டியை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். நான் திட்டினேன். சமையலறையில் இருந்த அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "நாளைக்குச் சாப்பாடு இருக்குமான்னு அவனுக்குத் தெரியாது தம்பி" என்றார். அன்று முதல் கூடத்தில் ஒரு பழக்கூடை நாள் முழுவதும் திறந்தே இருந்தது. முதலில் பழமும் தலையணைக்கு அடியில்தான் போனது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. நான்கு வருடத்தில் நான் கேட்ட எந்தப் பிரசங்கத்தைவிடவும் அந்தக் கூடை எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. போதகர் ஐயா மன்னிக்க வேண்டும்.

நான்காம் நாள்வாக்கில்தான் பிள்ளைகள் நம்மை நம்ப ஆரம்பிப்பார்கள். நீச்சலில் கையை விடமாட்டார்கள். வீட்டில் நடப்பதைச் சொல்வார்கள். அப்போது ஒரு கேள்வி வரும்: "அண்ணா, அடுத்த வருஷமும் நீங்கதானே எங்க ரூமுக்கு?" இரண்டாம் வருடம் இதே ரொட்டிக்காரச் சிறுவனிடம் "கண்டிப்பா" என்று சொன்னேன். அடுத்த கோடையில் என்னை வேறு வயதுக் குழுவுக்கு மாற்றியிருந்தார்கள். பேருந்திலிருந்து இறங்கியவன் என்னைத் தேடி ஓடிவந்தான். விஷயம் தெரிந்ததும் ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அந்த வாரம் முழுவதும் என்னோடு பேசவில்லை. கண்டிப்பா என்று சொன்னது என் தப்பு. ஆனால் பெரியவர்கள் வருவார்கள், பாசம் காட்டுவார்கள், அப்புறம் காணாமல் போய்விடுவார்கள் என்பதை ஏற்கெனவே நிறையப் பார்த்த பிள்ளைகளுக்கு, அதையே நாம் இன்னொரு முறை செய்து காட்டுகிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசி இரவைப் பற்றியும் சொல்கிறேன். தீ மூட்டி, பாட்டுப் பாடி, "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்கிறோம். தூங்கி வழியும் ஒன்பது வயதுப் பிள்ளை, ஒரு வாரமாகத் தன்னை அன்பாகப் பார்த்துக்கொண்டவர்களைச் சந்தோஷப்படுத்தக் கையைத் தூக்காமல் என்ன செய்யும்? மறுநாள் அந்த எண்ணிக்கை நன்கொடையாளர்களுக்குப் போகிறது. நானும் விசுவாசிதான். பிள்ளைகளுக்கு வேதத்தைச் சொல்லக்கூடாது என்று நான் கேட்கவில்லை. ஆனால் வேறு நம்பிக்கையுள்ள பெற்றோரும் நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, குழந்தையின் மதச் சுதந்திரத்தோடு அதற்கு வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு பிள்ளை தானாக வந்து கேட்டால் உட்கார்ந்து பேசுவோம். தூக்கிய கைகளை எண்ண வேண்டாம்.

இந்த வேலையைத் தொடங்கியவர்களைப் பாருங்கள். 1877-ல் பென்சில்வேனியாவின் ஷெர்மன் என்ற சிற்றூரில் வில்லர்ட் பார்சன்ஸ் என்ற போதகர், நியூயார்க்கின் நெரிசல் குடியிருப்புப் பிள்ளைகளைக் கோடையில் தங்கவைத்துக்கொள்ளும்படி தன் சபையாரைக் கேட்டார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வீட்டுக்குப் போனது. 1898-ல் அதே நியூயார்க்கில் ஹாஸ் அம்மையார் என்பவர், தெருவில் சுற்றும் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த ஒரு பீர்க் கடைக் கூடத்தை வாடகைக்கு எடுத்தார். இன்று நாம் வி.பி.எஸ். என்று சொல்வதன் ஆரம்பகால முயற்சிகளில் அதுவும் ஒன்று. பீர்க் கடை என்றதும் சபையில் சிலர் முகம் சுளிப்பார்கள். அந்த அம்மையார் பிள்ளைகள் இருந்த இடத்துக்கே போனார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நாமும் போகலாமே. மாதம் ஒரு சனிக்கிழமை, அவர்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு கூடம், முகாமில் இருந்த அதே அண்ணன் அக்காக்கள், இரண்டு மணி நேரம் பந்தும் வீட்டுப்பாடமும். முகாமில் இருக்கும் விதிகள் அங்கேயும் இருக்கட்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் பொறுப்பாளருக்கு அன்றைக்கே தகவல் போகவேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதையெல்லாம் கடைசி நேரத்தில் அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கிறோம், அதுவும் மாறவேண்டும். முடிந்தவரை ஒரு குழுவுக்கு ஒரே தலைவரைத் தொடர்ந்து வையுங்கள். வரமுடியாதவர் தானே முன்கூட்டி ஒரு கடிதம் எழுதிச் சொல்லட்டும். பிள்ளைகள் இறங்கி வந்து தெரிந்துகொள்ள வேண்டாம்.

பணம் எங்கே என்பீர்கள். இதற்காக ஒரு கோடை மட்டும் முகாமுக்கு எடுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டி வந்தாலும் நான் சரி என்பேன். எல்லாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், தெரியும்.

அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் கொடுங்கள், நேரில் வந்து பேசுகிறேன். பெரிய கூடாரத்தில் இரண்டு இடத்தில் துணி கிழிந்திருக்கிறது, அதையும் அன்றைக்கே தைத்துவிடலாம். ஊசி நூல் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தன்னார்வலர்களில் ஒருவன்