சார், அந்த 7:34 பற்றி

அன்புள்ள சார்,

நேற்று கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்கு நீங்க மென்டாரா இருக்கீங்களாண்ணா?" என்று கேட்டாள். மேடைப்பேச்சு பழகும் நம் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் சேர்ந்து 3 வாரம்தான் ஆகிறது. காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். 2 வருடமாக இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஷிப்ட் மாறுகிறது, ஆடிட் வருகிறது என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துவிடுவேன். நேற்று சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன கையோடு உங்களிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். கடைசியாக நான் அனுப்பிய 6 மெசேஜும் பதிலில்லாமல் அப்படியே கிடந்தன. ஏழாவதை அனுப்ப மனம் வரவில்லை. நான் எழுதுவதை உங்கள் மகள் வாசிப்பார் என்று தெரியும். அவர் காட்டுவார் என்ற நம்பிக்கையில்தான் இங்கே எழுதுகிறேன். நம் கிளப்காரர்களும் இதை வாசிப்பார்கள். அதனால் சில இடங்களில் நான் நிறுத்திக்கொண்டால் ஏன் என்று உங்களுக்குப் புரியும்.

நான் கிளப்புக்கு எப்படி வந்தேன், முதல் நாள் என்ன ஆனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டுமா, ஊருக்கே தெரியும். ஊருக்குச் சொன்னதே நீங்கள்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தப் பிப்ரவரி சனிக்கிழமை.

நான்கு பேர் பேச்சுப் போட்டியில் இருந்தீர்கள். நீங்கள் மூன்றாவது. ஸ்டாப்வாட்ச் என் கையில், அட்டைகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொருவர் கையில். உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் பையிலிருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தீர்கள். எவர்சில்வர் போசி, வயிற்றில் ஒரு நெளிவு. அதை மேஜையில் வைத்தீர்கள். கைப்பிடி "டங்" என்று விழாமல் இருக்க இரண்டு விரலால் தாங்கி, மெதுவாகப் பக்கவாட்டில் சாய்த்தீர்கள். அப்புறம் மூடியின் மேல் ஒருமுறை கையால் தடவினீர்கள், தூசு துடைக்கிற மாதிரி. அதுவரை தலை குனிந்தே இருந்தது. பிறகுதான் நிமிர்ந்து எங்களைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத்தான் பேசினீர்கள்.

போசி மேஜையைத் தொட்டபோதே நான் பட்டனை அழுத்திவிட்டேன்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் பழக்கம் இல்லாதவர்களுக்காக இரண்டு வரி, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் போட்டியில் 5 முதல் 7 நிமிடம் பேச வேண்டும். 7 நிமிடத்தில் சிவப்பு அட்டை எழும்பும், பேசி முடிக்கும்வரை இறங்காது. அதற்கு மேல் 30 நொடி சலுகை. 7:30-ஐத் தாண்டினால் பேச்சு எப்பேர்ப்பட்டதாக இருந்தாலும் கணக்கில் வராது. நேரம் எப்போது ஆரம்பிக்கிறது என்பதற்கும் விதி உண்டு. சொல்லாலோ செயலாலோ பேச்சாளர் அவையோடு தொடர்புகொள்ளும் முதல் கணம். அந்தக் கணம் எது என்று முடிவு செய்வது ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவரின் கட்டைவிரல்.

நான் எழுதிக் கொடுத்தது 7:34. நீங்கள் நிமிர்ந்து பார்த்தபோது அழுத்தியிருந்தால் 7:29 இருந்திருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றிரவு வீட்டில் அம்மா தூங்கினபின் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு சமையலறை மேடையில் வைத்து, துடைத்து, நிமிர்ந்து, போன் ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். 5 நொடி. மறுபடியும் வைத்துப் பார்த்தேன். 5 நொடிக்குக் கொஞ்சம் மேலே. அம்மா எழுந்து வந்து "தண்ணி வேணுமாடா?" என்றாள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பம்பு கம்பெனியில் தரச் சோதனை. கோ, நோ-கோ கேஜ் என்று ஒன்று வைத்திருப்போம். கோ முனை உள்ளே போக வேண்டும், நோ-கோ முனை போகக் கூடாது. போய்விட்டால் அந்தப் பீஸ் ரிஜெக்ட். கடைந்தவர் நல்லவரா, அவர் வீட்டில் என்ன கஷ்டம் என்று கேஜிடம் கேட்க முடியாது. 14 வருடமாக இதைத்தான் செய்கிறேன். அன்றும் அதைத்தான் செய்தேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிக்கொண்டேன். அந்த இடத்தில் அழுத்தக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். ஞாபகம் இருக்கிறதா, 2014-இல் கோலாலம்பூரில் உலகப் பட்டம் வென்ற இலங்கைப் பேச்சாளர் தனஞ்ஜய ஹெட்டியாராச்சியின் வீடியோவை உங்கள் லேப்டாப்பில் எங்களுக்குப் போட்டுக் காட்டினீர்கள். கையில் பூவோடு அவர் நிற்கிற இடத்தில் நிறுத்தி, "வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே பேச்சு ஆரம்பிச்சிருச்சு பாருங்க தம்பி" என்றீர்கள். போசியை நீங்கள் வைத்தபோது என் காதில் கேட்டது அந்தக் குரல்தான். அவ்வளவு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தப் போசியைப் பார்த்தோம். பேச்சு ஆரம்பித்துவிட்டது என்று அங்கே இருந்த யாரும் சொல்வார்கள்.

இதெல்லாம் சரியான காரணங்கள். இருந்தாலும் இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நான் உங்களிடம் கற்றதற்கு அர்த்தமில்லை.

என் ஐஸ் பிரேக்கர். 4 முதல் 6 நிமிடம் பேச வேண்டிய முதல் பேச்சில் நான் 1 நிமிடம் 40 நொடியில் உட்கார்ந்துவிட்டேன். உடுமலைப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன், இங்கிலீஷில் எழுதி மனப்பாடம் செய்து வந்த தாள், கை நடுங்கி அந்தத் தாள் சலசலத்த சத்தம். அன்று என் எவாலுவேட்டர், அதாவது பேச்சைக் கேட்டு நிறைகுறை சொல்பவர், நீங்கள். 1:40 பேச்சுக்கு முழுசாக 3 நிமிடம் பேசினீர்கள். என் குரல் கடைசி வரிசை வரை கேட்டது என்றீர்கள். அம்மாவைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்தை என் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டினீர்கள். திருத்தம் ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்கள். "அடுத்த தடவ தாள மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கோங்க தம்பி. அது இருக்குங்கற தைரியம் போதும்." கூட்டம் முடிந்து பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தீர்கள். மாடிப்படியில் பல்பு எரியாததால் உங்கள் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆள் இறங்கும்வரை மேலேயே நின்றீர்கள். என் அப்பா இறந்தபிறகு எனக்காக ஒருவர் அப்படி நின்றது அன்றுதான்.

அந்த 1:40-ஐத்தான் சார் நீங்கள் கதையாக்கினீர்கள். புது விருந்தினர்கள் வரும் கூட்டத்திலெல்லாம் சொன்னீர்கள். "இதோ உக்காந்திருக்காரே, இவரு மொத நாள் எப்பிடி நடுங்குனாரு தெரியுமா?" என்று ஆரம்பிப்பீர்கள். கூட்டம் சிரிக்கும். திரும்பி என்னைப் பார்க்கும். நானும் சிரிப்பேன். அவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் சொல்கிறீர்கள் என்று தெரியும். அதைக் கேட்டு எத்தனையோ பேர் சேர்ந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் நான் கிளப் பயிற்சியில் லெவல் 3 முடித்தபிறகும், ஏரியா போட்டியில் பேசிவிட்டு வந்தபிறகும், உங்கள் வாயில் நான் நடுங்குகிற ஆளாகவே இருந்தேன். எப்படி வளர்ந்தேன் என்பதை நீங்கள் ஒருமுறைகூட அந்தக் கதையில் சேர்க்கவில்லை. என்னிடம் கேட்டதும் இல்லை.

போட்டிக்கு முந்தைய வாரம் ஒரு கல்லூரியில் போய் அதே கதையைச் சொன்னீர்கள். அங்கே என் தங்கையின் மகன் உட்கார்ந்திருந்தான்.

என் கட்டைவிரல் அன்று விதிக்காக இறங்கியதா, அந்தக் கல்லூரிக்காக இறங்கியதா என்று 2 வருடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். பெரும்பாலான நாட்கள் விதிக்காகத்தான் என்று பதில் வருகிறது. எல்லா நாளும் வருவதில்லை.

உங்கள் பேச்சை நான் எப்படிக் கேட்டேன் என்று உங்களுக்குச் சொல்லவே இல்லை. மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்த 30 வருடமும் அந்தப் போசியில்தான் உங்களுக்குச் சாப்பாடு போனது. அதை அங்கேயே கழுவிக் கொண்டுவர உங்கள் வீட்டு அம்மா விட்டதே இல்லை. "கழுவாமக் கொண்டாங்க. என்ன மிச்சம் வெச்சிருக்கீங்கன்னு பாத்தாத்தான் இன்னிக்கு மில்லுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும்." இந்த ஒன்றை மட்டும் தமிழில் சொன்னீர்கள். சொல்லிவிட்டு நிறுத்தினீர்கள். அப்போது 6:50. 7:00-க்குச் சிவப்பு அட்டை ஏறியது. நீங்கள் இன்னும் நிறுத்தியே இருந்தீர்கள். அவையில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. 7:15-க்குத்தான் திரும்பப் பேசினீர்கள், இப்போது அதை நானே கழுவுகிறேன் என்று. எனக்குக் கண் நிறைந்து எண்கள் மங்கலாகத் தெரிந்தன. முடியுங்க சார், முடியுங்க சார் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே எண்ணினேன். இதையும் நம்ப வேண்டும் நீங்கள்.

பிறகு நேரம் காரணமாக ஒரு பேச்சு நீக்கப்பட்டது என்று மட்டும் அறிவித்தார்கள். பெயர் சொல்லக் கூடாது என்பது முறை. நான்கு பேரில் மூன்று பேருக்குப் பரிசு கொடுத்தபின் பெயர் எதற்கு? எல்லாரும் கை தட்டும்போது நீங்கள் போசியின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தீர்கள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

அன்று பேக்கரியில் யார் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் எனக்கு இன்றும் வேண்டியவர்கள்.

மன்னிப்பு எதற்குக் கேட்கிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 7:34 என்று எழுதியதற்கு என்னால் கேட்க முடியவில்லை. கடிகாரம் காட்டியதை எழுதினேன், மாற்றி எழுதியிருந்தால் மற்ற மூவருக்கும் துரோகம். ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெரு வரை வந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அன்றே வந்து, போசியை வைத்தபோது அழுத்தினேன் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் திட்டியிருப்பீர்கள். காபி கொடுத்துவிட்டுத் திட்டியிருப்பீர்கள்.

நீங்கள் செய்தது மட்டும் சரியா? புதன்கிழமை குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டீர்கள். ஒரு வார்த்தை இல்லை. யார் பேசினாலும் அவர்களுக்கு எவாலுவேஷன் கிடைக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அதுதான் இந்தக் கிளப்பின் உயிர் என்று சொன்ன மனிதர் நீங்கள். எனக்கு 2 நிமிடம்கூடத் தரவில்லையே. நான் செய்தது தப்பு என்றாவது சொல்லியிருக்கலாம். டோஸ்ட்மாஸ்டர்ஸை ஆரம்பித்த ஸ்மெட்லியின் கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். 1905-இல் அமெரிக்காவில் புளூமிங்டன் ஒய்.எம்.சி.ஏ.வில் அவர் ஆரம்பித்தது அவர் ஊர் மாறியதும் மங்கிப்போனது, 1924-இல் சான்டா ஆனாவில் ஆரம்பித்ததுதான் நிலைத்தது என்று. "ஒருத்தர நம்பி இருக்கற கிளப் கிளப்பே இல்லீங்க தம்பி" என்பீர்கள். நீங்கள் போனபின் 5 மாதம் நாங்கள் 7 பேர், 8 பேர் என்று உட்கார்ந்திருந்தோம். ஒரே ஆள் நேரம் பார்க்கும் டைமர், அவரே மொழியைக் கவனிக்கும் கிராமேரியன், அவரே "ஆ", "ம்" என்ற இழுவைகளை எண்ணும் ஆ கவுன்டர். அந்த மாதங்களில் உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கிளப் நிற்கவில்லை. போன வாரம் 22 பேர்.

போன மாதம் புனேயிலிருந்து வாடிக்கையாளர் கம்பெனி ஆட்கள் எங்கள் லைனைப் பார்க்க வந்தார்கள். ஒரு லாட் முழுக்க ஷாஃப்ட் அளவு தவறியது எப்படி என்று நான்தான் இங்கிலீஷில் விளக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு கேள்விக்குப் பதில் உடனே வரவில்லை. முன்பென்றால் "வந்து... ஆக்சுவலி..." என்று நிரப்பியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். மூச்சு விட்டேன். பிறகு சொன்னேன். நான் தடுமாறியதாக ஒருவரும் நினைக்கவில்லை. யோசித்துச் சொல்கிறான் என்று நினைத்தார்கள். தாள் மடித்துப் பாக்கெட்டில் இருந்தது. அன்று சாயங்காலமும் உங்கள் தெரு வரை வந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு வருகிற சனிக்கிழமை ஐஸ் பிரேக்கர். இப்போதே பயப்படுகிறாள். எத்தனை நிமிடத்தில் உட்கார்ந்தாலும் அதை நான் வெளியே கதையாகச் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. அவள் எவாலுவேட்டர் நீங்களாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இவ்வளவு எழுதியபிறகும் அதுதான் தோன்றுகிறது. டைமர் வேறொருவர். அந்தப் போட்டிக்கு அப்புறம் நான் கிளப் ஸ்டாப்வாட்சைத் தொடவில்லை.

6 மணிக்கு, அதே ஹால். மாடிப்படியில் பல்பு மாற்றிவிட்டோம் சார். சுவரோரம் கைப்பிடியும் போட்டிருக்கிறோம்.

உங்கள்
தம்பி